கல்வி உதவித்தொகையும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளும்

(பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்குமாகத் தாராவியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அரசு தரும் கல்வி உதவிகளைப் பற்றி எளிமையாக எடுத்துச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் கட்சியில் மொழிபெயர்ப்பாளன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் தீர்மானங்களையும் அறிக்கைகளையும் தமிழாக்குவது என் அன்றாடப் பணி. ஆனால் ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால் என் மேசைக்கு வேறு வகைக் காகிதங்கள் வந்து சேரும். தொண்ணூறு அடிச் சாலையிலிருந்தும் லேபர் கேம்ப்பிலிருந்தும் செம்பூரிலிருந்தும் பெற்றோர் வருவார்கள். மராத்தியில் அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது அண்ணே, இது நம்ம பிள்ளைக்குக் கிடைக்குமா?” என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது, மொழிபெயர்த்தால் போதும். இரண்டாவது கேள்விதான் கடினம். இன்றைக்கு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே பேசப்போகிறேன்.

ஒரு குடும்பக் கதையிலிருந்து தொடங்குகிறேன். என் குடும்பத்தின் கதைதான். என் தாத்தா நெல்லைச் சீமையில் கூலி விவசாயி. அவருக்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவர் என் தந்தை, ஊரிலேயே தங்கிவிட்டார். இளையவர், என் சித்தப்பா, அறுபதுகளில் பிழைப்புத் தேடி ரயிலேறி வந்து தாராவித் தோல் பதனிடும் கிடங்கொன்றில் வேலைக்கு அமர்ந்தார். நான் ஊரில் பிறந்தேன். என்னைவிட ஒரு வயது இளையவனான சித்தப்பா மகன் இங்கே பிறந்தான். ஒரே தாத்தா, ஒரே சாதி, ஒரே வறுமை.

நான் ஆதிதிராவிட மாணவர்களுக்கான உதவித்தொகையில் பட்டப்படிப்பும், பின்னர் எம்.ஏ. தமிழும் படித்தேன். அந்தப் பணம் ஒருபோதும் உரிய காலத்தில் வந்ததில்லை. ஜூலையில் வரவேண்டியது மார்ச்சில் வரும்; அதுவரை விடுதி உணவுக்கூடப் பலகையில் பாக்கிதாரர் பட்டியலில் என் பெயர் தொங்கும். அதைக் கடந்துதான் சாப்பிடப் போகவேண்டும். ஆயினும் பணம் வந்தது. நான் படித்து முடித்தேன். என் தம்பியோ இங்கே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பும் தேறி, ஒரு கல்லூரியில் சேரச் சென்றான். தந்தையின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழைப் பார்த்த எழுத்தர், “இது இங்கே செல்லாது, பொதுப்பிரிவில் கட்டணம் கட்டு” என்று சொல்லிவிட்டார். முதலாண்டுக் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். இரண்டாமாண்டுக்கு வழியில்லை. அவன் தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போனான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். அவனுடைய மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கிறாள். என்னைப் பெரியப்பா என்று அழைக்கும் அந்தப் பெண் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனவே இது எனக்கு வெறும் சொற்பொழிவு அல்ல.

உதவித்தொகை எங்கிருந்து வந்தது?

இந்த உதவித்தொகையை யாரும் இரக்கப்பட்டுத் தந்துவிடவில்லை. அதற்கு வரலாறு உண்டு. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் மகாத்மா ஜோதிராவ் புலே, உழவர்கள் செலுத்தும் வரியில் உயர்சாதியினர் கல்வி பெறுகிறார்கள், அந்த உழவர்களின் பிள்ளைகளுக்கோ பள்ளி இல்லை என்று முறையிட்டார். கோலாப்பூரின் ஷாகு மகாராஜ் 1902இல் பிற்படுத்தப்பட்டோருக்கு அரசுப் பணியில் ஐம்பது விழுக்காடு ஒதுக்கினார். மாணவர் விடுதிகள் கட்டினார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை கிடைத்ததால்தான் 1913இல் இளைஞர் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் செல்ல முடிந்தது.

ஒருவருக்கு மன்னர் ஒருவரின் தயவில் கிடைத்ததை எல்லோருக்கும் அரசின் கடமையாக்க வேண்டும் என்பதை அம்பேத்கர் மறக்கவில்லை. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நல உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு அளித்தார். அலிகார் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் பல்கலைக்கழகத்துக்கும் ஆளுக்கு மூன்று லட்சம் ரூபாய் தரும் அரசு, தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கும் அவ்வாறே தரவேண்டும் என்று வாதாடினார். அதன் விளைவாகவே 1944இல், பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று ‘போஸ்ட் மெட்ரிக்’ உதவித்தொகை என்று நாம் சொல்வது அதைத்தான். எண்பதாண்டு கண்ட திட்டம் அது.

இன்றைய நிலை

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்தது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய். அதில் 60 விழுக்காடு ஒன்றிய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு என்று பங்கு வகுக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒன்றிய அரசு தன் பங்கை வெகுவாகச் சுருக்கிக்கொண்டு பெரும்சுமையை மாநிலங்களின் தலையில் இறக்கியிருந்தது. மாணவர் அமைப்புகளும் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் எழுப்பிய குரலுக்குப் பின்னரே 60 விழுக்காடு வந்தது என்பதை மறக்கவேண்டாம்.

நமக்கு அருகிலேயே ஒரு சாட்சி உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வாயிலில் அமர்ந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விடுதி மற்றும் உணவுக் கட்டணத்தில் இருந்துவந்த விலக்கு நிறுத்தப்பட்டதே காரணம். அரசின் உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத மாணவரிடம், முன்பணம் கட்டு என்று சொன்னால் அவர் படிப்பை விடுவதைத் தவிர வேறென்ன செய்வார்? துல்ஜாப்பூர், ஐதராபாத், குவாஹாட்டி வளாகங்களுக்கும் அப்போராட்டம் பரவியது.

தொகை எவ்வளவு என்பதையும் பாருங்கள். 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டப்படிப்பில் வீட்டிலிருந்து சென்று படிக்கும் மாணவருக்குக் கட்டணம் போகப் படிப்புப்படியாகக் கிடைப்பது ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250 ரூபாய். விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 6,000. இதைப் பெறுவதற்கும் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். அந்த வரம்பு 2013-14இல் வைக்கப்பட்டது. 2021இலும் அதைத் தொடவில்லை. மாதக் கணக்கில் 20,833 ரூபாய். தந்தை பட்டறையிலும் தாய் வீட்டு வேலையிலும் உழைத்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினருக்கு இடஒதுக்கீடு கொண்டுவந்தபோது ‘ஏழை’ என்பதற்கு இதே ஒன்றிய அரசு வைத்த வரம்பு எட்டு லட்சம். மாதம் 66,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் ஒரு கணக்கில் ஏழை. 21,000 ரூபாய் வாங்கும் தோல் தொழிலாளி இன்னொரு கணக்கில் ஏழையல்ல. இந்தக் கணக்கை எந்த மொழியில் பெயர்த்தாலும் நியாயமாகாது.

மூன்று தேதிகள்

இப்போது நம் சொந்தச் சிக்கலுக்கு வருகிறேன். தாராவித் தமிழர் மூன்று தேதிகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கவேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

முதல் தேதி 10.08.1950. அன்றுதான் பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது. அந்தத் தேதிக்கு முன்பே மகாராஷ்டிரப் பகுதியில் நிலையாகக் குடியிருந்த குடும்பம் என்று காட்டினால்தான் இம்மாநிலத்தின் பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு வழியுண்டு. இரண்டாம் தேதி 13.10.1967, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு உரிய தேதி. மூன்றாம் தேதி 01.01.2000, தாராவி மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்குத் தகுதி பெற, அதற்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்டவேண்டும். கல்விக்கு ஒரு தேதி, வீட்டுக்கு ஒரு தேதி. இந்த நகரத்தின் சாக்கடையைச் சுமந்ததற்கும் தோலைப் பதனிட்டதற்கும் மட்டும் எவரும் தேதி கேட்டதில்லை.

முதல் தேதியைத் தாண்டினாலும் இன்னொரு தடை உண்டு. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியல் வகுக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் 76 பெயர்கள்; மகாராஷ்டிரப் பட்டியலில் 59. ஆதிதிராவிடர் என்ற பெயர் இந்த 59இல் இல்லை. ஆகவே 1950க்கு முன்பே வந்த குடும்பங்களுக்கும் பட்டியலில் இடம் தேடும் இடர் இருக்கிறது.

இது பற்றி உச்சநீதிமன்றம் சொன்ன முதன்மையான தீர்ப்பு மும்பை மாணவர் ஒருவரின் வழக்கில் பிறந்ததுதான். பரேலில் இருக்கும் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார் ஆந்திராவிலிருந்து சிறுவயதில் தந்தையோடு வந்த மர்ரி சந்திரசேகர ராவ் என்ற பழங்குடி மாணவர். தந்தை பொதுத்துறை நிறுவன ஊழியர். மாணவரின் பழங்குடிச் சான்றிதழ் மகாராஷ்டிராவில் செல்லாது என்று மறுத்தார்கள். 1990 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் அந்த மாநிலத்துக்கு மட்டுமே உரியது என்று தீர்ப்பளித்தது. மகாராஷ்டிராவில் புலம்பெயர்ந்தோரின் சாதிச் சான்றிதழுக்காக அமைந்த நடவடிக்கைக் குழு தொடுத்த வழக்கில் 1994இல் மற்றோர் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதே நிலைதான். என் தம்பி படிப்பை விட்டதும் அந்த 1990ஆம் ஆண்டில்தான்.

1990ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. புலம்பெயர்ந்து செல்லும் இம்மக்களின் நிலையைக் கருதி உரிய சட்டம் இயற்றுவது நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய விஷயம் என்று நீதிபதிகள் அதில் குறிப்பிட்டார்கள். கதவை அடைத்த நீதிமன்றமே திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டது. அதை இன்றுவரை எந்த ஆட்சியும் எடுக்கவில்லை.

உதவித்தொகை நெறிமுறையும் இவ்வாறே நம்மை நடுவழியில் நிறுத்துகிறது. மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ, அதாவது எங்கே நிலையாகக் குடியேறியவரோ, அந்த மாநிலம் உதவித்தொகை வழங்கவேண்டும் என்கிறது அந்நெறிமுறை. மகாராஷ்டிரா, “உன் சாதி தமிழ்நாட்டில்” என்கிறது. தமிழ்நாட்டுக்குப் போனால், “உன் குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் மும்பையில்” என்கிறார்கள். சாதி ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலும் இருப்பதால் பிள்ளை இரண்டிடத்திலும் இல்லாமல் போகிறது.

இன்று கையில் இருக்கும் வழிகள்

சட்டம் மாறும்வரை ஜூன் மாதம் காத்திருக்காது. ஆகவே இன்றைக்கு என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பேனா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மகாராஷ்டிர அரசின் சாதிச் சான்றிதழ் கையில் இருப்பவர்கள். இவர்கள் மகாடிபிடி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் படிப்புப்படியும் கிடைக்கும்; அதற்கு மேல் என்றால் பட்டியல் சாதி மாணவருக்குக் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் தனித் திட்டத்தில் கிடைக்கும். தொழிற்கல்வியில் ஒதுக்கீட்டு இடம் கோருவோர் சாதிச் சான்றிதழுடன் சரிபார்ப்புக் குழுவின் சான்றையும் பெறவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பதினோராம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டாவது, தமிழ்நாட்டுச் சான்றிதழ் மட்டும் இருப்பவர்கள். அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். மாநில அரசின் சலுகைக்குத்தான் அது இங்கே செல்லாது; ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களிலும் பணிகளிலும் அது செல்லும். பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி.யில் நெல்லை ஆதிதிராவிடப் பிள்ளைக்கும் விதர்பாவின் மகர் பிள்ளைக்கும் ஒரே ஒதுக்கீடுதான். அத்தகைய நிறுவனங்களில் பட்டியல் சாதி மாணவருக்கு முழுக் கட்டணமும் தரும் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகை ஒன்றிய அரசின் நேரடித் திட்டம்; வருமான வரம்பு எட்டு லட்சம். புலம்பெயர்ந்தவரின் பிள்ளைக்கு, தந்தைக்குச் சொந்த மாநிலம் அளித்த உண்மைச் சான்றிதழின் அடிப்படையில் இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் வழங்கலாம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியிருக்கிறது. தந்தையின் சான்றிதழே இல்லையென்றால் ஊருக்குப் போய் கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாரிடம் வாங்கவேண்டும். அடுத்த முறை கொடைக்கு ஊருக்குப் போகும்போது அந்த வேலையையும் முடித்துவாருங்கள்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழே கேட்காத உதவி. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் ஒன்றிய அரசு ஆண்டுதோறும் நாடு முழுவதும் 82,000 கல்லூரி மாணவருக்குப் புதிதாக உதவித்தொகை தருகிறது. அதில் பாதி மாணவியருக்கு. தம் வாரியத் தேர்வில், தம் பாடப்பிரிவில், நூற்றுக்கு எண்பது பேரை முந்தியவர்கள் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. மகாராஷ்டிர வாரியத்தில் தேறிய தாராவிப் பிள்ளைக்கு இதில் எந்தத் தடையும் இல்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு இத்திட்டத்தின் பெயரே தெரியாது. இந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துச் செல்வீர்கள் என்றால் இதை எடுத்துச் செல்லுங்கள்.

நான்காவது, பொதுப்பிரிவில் சேரவேண்டியவர்களுக்கு உள்ள கட்டணச் சலுகை. ராஜரிஷி ஷாகு மகாராஜ் பெயரிலான மாநிலத் திட்டத்தில், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்கல்விப் படிப்புகளில் கல்விக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கும். 2024-25 முதல், பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவு உள்ளிட்ட சில பிரிவுகளின் மாணவியருக்கு மையச் சேர்க்கை வழியே பெற்ற தொழிற்கல்வி இடங்களில் முழுக் கட்டணத்தையும் ஏற்பதாக மாநில அரசு ஆணையிட்டது. இதற்கு மகாராஷ்டிர இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். பொதுவாகப் பதினைந்தாண்டுக் குடியிருப்பைக் காட்டவேண்டும். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம்; செம்பூர் புறநகர் மாவட்டம். எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் ஒருநாள் கூலி மிச்சமாகும்.

ஐந்தாவது, கல்விக் கடன். இதையும் உதவி என்றே விளம்பரம் செய்கிறார்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் இடம் பெற்றவருக்குப் பிணையாளரும் சொத்து ஈடும் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. ஆனால் 22 லட்சம் மாணவர் தகுதி பெறுவர் என்று சொல்லும் அரசு, இந்த வட்டிச் சலுகையை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கே தருகிறது. வேறு வழியே இல்லாதவர்கள் கடன் வாங்கலாம், நான் தடுக்கமாட்டேன். கந்துவட்டிக்காரரைவிட வங்கி மேல். ஆயினும் வாங்குமுன் வட்டி எப்போது தொடங்குகிறது, தவணை எப்போது தொடங்குகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புலேயும் அம்பேத்கரும் கேட்டது கடனல்ல. உதவித்தொகையைச் சுருக்கிக் கடனை விரிப்பது கல்வியைச் சந்தைச் சரக்காக்கும் கொள்கையின் ஒரு முகம். 2022 டிசம்பரில் சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை நிறுத்தியதும் அதே கொள்கைதான். நெல்லையிலிருந்து இங்கே வந்து தோல் தொழிலை வளர்த்த இஸ்லாமியத் தோழர்களின் பிள்ளைகளையும் அது தொட்டது.

ஊரில் இருக்கும் உறவினர் புதுமைப் பெண் திட்டம் பற்றிச் சொல்லியிருப்பார்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் நல்ல திட்டம். 2022இல் மாணவியருக்கும், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் மாணவருக்கும் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. ஆனால் அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கானது. மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை அதில் வரமாட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. மறுசீரமைப்புக் கணக்கெடுப்பும் இடமாற்றமும் நடக்கும் காலம் இது. பழைய குடும்ப அட்டை, மின்கட்டணச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாத்தாவின் வேலை அட்டை, இவற்றில் எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். வீட்டுக்கு ஆதாரம் ஆவதே கல்விக்கும் ஆதாரம் ஆகும். மூட்டை கட்டும்போது முதலில் கட்டவேண்டியது அந்தத் தகரப்பெட்டியைத்தான்.

யாருடைய பங்கையும் பறிக்க அல்ல

ஒரு கேள்வி எழும் என்பது எனக்குத் தெரியும். “தமிழர்களுக்குக் கொடுத்தால் மராத்திப் பட்டியல் சாதிப் பிள்ளைகளின் பங்கு குறையாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் விடை சொல்லவேண்டும். இடஒதுக்கீட்டு இடங்களுக்கு எண்ணிக்கை உண்டு. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்கவேண்டும். ஆனால் உதவித்தொகை அப்படியல்ல. தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தரவேண்டிய தொகை அது. புதிதாக வருபவருக்கு ஏற்ப அரசு நிதியைக் கூட்டினால் எவர் தட்டிலும் சோறு குறையாது. அதனால்தான் நாம் உதவித்தொகையை முதலில் கேட்கிறோம். அதையும் ஒன்றிய நிதியிலிருந்து கேட்கிறோம்.

இந்த மண்ணில் மராத்தித் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே கொடியின் கீழ் நின்ற மரபு இருக்கிறது. இதோ இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்து, தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தவர் அண்ணாபாவ் சாட்டே. பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது ஒன்றரை நாள் என்பார்கள். அவர் மராத்தியின் பெரும் எழுத்தாளராக உயர்ந்தார். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அண்ணாபாவ் ஆகித்தான் கல்வி பெறவேண்டும் என்றால் அரசு எதற்கு? லேபர் கேம்ப்பிலிருந்து மாட்டுங்காவின் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். 1887இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியின் வாசலை நம்மில் எத்தனை பேர் மாணவராக மிதித்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. சொந்த மாநிலத்தின் சான்றிதழ் வைத்திருக்கும் புலம்பெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் எந்த மாநிலத்தில் படித்தாலும் உதவித்தொகை பெறும்படி ஒன்றிய அரசு நெறிமுறையைத் திருத்தவேண்டும். அதற்கான முழு நிதியையும் அதுவே ஏற்கவேண்டும். அதுவரை, தன் சான்றிதழ் பெற்ற மும்பைத் தமிழ் மாணவருக்குத் தமிழ்நாடு அரசு இருப்பிடம் பாராமல் உதவித்தொகை வழங்கவேண்டும். இரண்டரை லட்சம் என்ற வருமான வரம்பை எட்டு லட்சமாக உயர்த்தவேண்டும். மாதம் 250 ரூபாய் என்னும் படியை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவேண்டும். தொகை கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாணவர் கணக்குக்கு வந்து சேரவேண்டும். 1990இல் உச்சநீதிமன்றம் சுட்டிய சட்டத்தை நாடாளுமன்றம் விவாதத்துக்கு எடுக்கவேண்டும்.

இக்கோரிக்கைகளுக்கான கையெழுத்துப் படிவம் வாசலில் இருக்கும் மேசையில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இரண்டு தோழர்கள் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கொண்டுவந்தவர்கள் இன்றே தங்கள் விவரங்களைப் பதிந்துகொள்ளலாம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு விண்ணப்பிக்காமல் போகாதீர்கள். விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுக் கையெழுத்திடாமலும் போகாதீர்கள். இந்த ஆண்டு படிக்கவேண்டிய பிள்ளைக்கு விண்ணப்பம் வேண்டும்; அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைக்குப் போராட்டம் வேண்டும்.

என் தம்பி மகளின் மதிப்பெண் பட்டியலை நேற்று இரவு பார்த்தேன். அந்த 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றே தோன்றுகிறது. முடிவு அறிவிக்கப்பட்டதும் இதே இடத்தில் சொல்கிறேன். அவளுடைய தந்தை இன்று பட்டறைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு வந்திருக்கிறான். 1990இல் நடந்ததை மகளிடம் இதுவரை சொன்னதில்லையாம். இன்று என் வாய்வழியாக அவள் கேட்டுவிட்டாள். வரிசையில் முதலில் அவர்கள் இருவரும் நிற்கட்டும். அவர்களுக்குப் பின்னால் நீங்கள் அனைவரும் வாருங்கள்.